வெல்லக்கட்டி

வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன இந்துஜா, அப்பா இறந்த பிறகுதான் அந்த வீட்டுப் படியேறினாள். அம்மா காபி கொடுத்தாள். பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. மத்தியானம் கொல்லைப்பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வெல்லக்கட்டி, எந்திரிச்சு வாடி. சோறு ஆறுது பாரு." சின்ன வயதில் அவளைக் கூப்பிட்ட அதே சொல், அதே இழுப்பு. இந்துஜா கழுவிக்கொண்டிருந்த டம்ளரை அப்படியே வைத்தாள். "இந்தா வந்துட்டேம்மா" என்று ஈரக் கையோடு ஓடினாள். கதவருகே ஒரு செவலை நாய் அவள் காலை இடித்துக்கொண்டு முந்திப் போனது. அம்மா அலுமினியத் தட்டும் கையுமாக நின்றாள். "உனக்குச் சாதம் உள்ள எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

சாயங்காலம் அம்மா தட்டை வைத்துவிட்டு, "ஏய்... ச்சு, ச்சு" என்றாள். மாமரத்தடியில் படுத்திருந்த நாய் காதைக்கூட அசைக்கவில்லை. "நாயே, வா" என்றாள் தணிந்த குரலில். அது அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. படியில் உட்கார்ந்திருந்த இந்துஜா குனிந்து கால் நகத்தைக் கிள்ளினாள். பால்சோற்றில் எறும்பு ஏறத் தொடங்கியது. நாய் எழுந்து வர என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.