மூன்றாம் முறை சாய்ந்த பலகை

வாசலுக்கு எதிரே, சாலையோரத்து வரலாற்றுப் பலகை இந்தக் கோடையில் மூன்றாவது முறையாகச் சாய்ந்திருந்தது. ஏன் என்றுதான் ஆர்டிஸுக்குப் புரியவில்லை.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மண்ணில் கம்பம் சாய்வது புதிதல்ல. குளிர்காலத்தில் நிலத்தடி ஈரம் உறைந்து மண் உப்பும். கம்பத்தைக் கவ்விப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாய் மேலே தூக்கிவிடும். ஆனால் இது ஜூலை. பெருங்காற்றும் இல்லை, வேலி தாண்டி மாடும் வராது.

1872இல் குபிசெக் குடும்பம் மாட்டு வண்டியில் வந்து, புல்தரையைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டிய கதை அந்தப் பலகையில் இருந்தது. கடைசி வரி இப்படி முடியும்: ‘அவர்கள் வழியினர் இன்றும் இங்கேயே வாழ்கிறார்கள்.’

அந்த வழியினர் இப்போது இரண்டே பேர். ஆர்டிஸ், அவள் அப்பா எமில். அந்த வரியைக் கேட்டு எழுதவைத்ததே அவர்தான். எண்பது வயதிலும் தினமும் விடிந்ததும் துணியோடு போய், தலைக்கு மேலிருக்கும் பலகையைத் துடைத்துவிட்டு, முழங்காலெல்லாம் மண்ணாகத் திரும்பி வருவார்.

அந்த வரிக்காகவே வெளியூரில் கிடைத்த இரண்டு வேலைகளை விட்டவள் ஆர்டிஸ். இப்போது லிங்கன் நகரிலிருந்து மூன்றாவது வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். அப்பாவிடம் வாய் திறக்க முடியவில்லை.

சாலைத் துறை ஆள் ராய்ஸ் இந்த முறையும் அதை நட வந்து, கம்பத்தின் அடியைக் கிளறிப் பார்த்தான்.

“அக்கா, இது தானா சாயல. ஒரு பக்கம் மட்டும் யாரோ மண்ண நோண்டியிருக்காங்க. அதுவும் உங்க வீட்டுப் பக்கம்!”

“என்னை ஏன்டா பாக்குற? இதுக்குக் காவல் இருந்தே என் பாதி ஆயுசு போச்சு!”

சொன்ன பிறகுதான், அப்பா பின்னால் நிற்பதைக் கண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“கான்கிரீட் போட்டுடறேன் பெரியவரே,” என்றான் ராய்ஸ். “அப்புறம் நூறு வருஷத்துக்கு அசையாது.”

ஆர்டிஸுக்குத் தன் காலைச் சுற்றியே அது இறுகுவது போலிருந்தது.

“வேண்டாம்ப்பா. அதை உடைக்கிற தெம்பு எனக்கில்ல,” என்றார் எமில்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“எழுதச் சொன்ன வாயால அழிக்கச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. விழுந்தா தூக்கிட்டுப் போயிடுவீங்கன்னு பாத்தேன். நீ என்னடான்னா, விழ விழ நட்டுட்டுப் போற!”

“இப்ப நான் என்னதான் செய்யறது?” என்றான் ராய்ஸ்.

“கடைசி வரியை எடுத்துட்டு நடு. அப்புறம் சாயாது.”