எழுநூறு ஜிபி

ஃபேன் பெல்ட் மணிமாறனின் முதுகில் விழுந்த வேகத்தில், அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவ் தெறித்து விழுந்தது.

"ஆம்புட்டுக்கிட்டான் பாரு! படம் எறக்கறதுக்காடா உன்னையக் கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெச்சேன்?" குழந்தைவேல் மறுபடி பெல்ட்டை ஓங்கினார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை அவருடையது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மூன்று மாதமாகக் காலியிடம் குறைந்துகொண்டே வந்து, இன்று காலை துளி இடமும் இல்லாமல் போயிருந்தது.

"சத்தியமா நானில்லீங்க! அதுல ஒரே ஒரு படந்தானுங்க இருக்குது." மணிமாறனின் உதட்டில் ரத்தம்.

சேலம் அஸ்தம்பட்டி கம்ப்யூட்டர் கடையிலிருந்து ரிப்பேர் பார்க்க வந்த தீபிகா, வாசலில் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்று யோசித்தாள்.

"வா அம்மணி, உள்ள வா."

"அந்த பெல்ட்டக் கீழ வெச்சாத்தான் வருவேனுங்க."

"வெச்சுட்டேன், போதுமா? எடத்தத் தின்னது இவந்தான்னு காட்டிக் குடு. புதுசா வந்த எஸ்.ஐ.க்குப் போன் போட்டாச்சு. அவரு வாரதுக்குள்ள கண்டுபுடிக்கலீன்னா, இவன் கைய ஒடச்சுத்தான் அனுப்புவேன்."

மணிமாறன் கும்பிட்ட கையோடு தீபிகாவைப் பார்த்தான்.

தீபிகா உட்கார்ந்தாள். கம்ப்யூட்டருக்குள் குப்பைத் தொட்டி காலி. வைரஸ் இல்லை. படம், பாட்டு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எழுநூறு ஜிபி எங்கேயோ போயிருந்தது.

"கேமரா பதிவும் இதுலதானுங்களா ஏறுது?"

"ஆமா. பேட்டரி திருட்டுப் போனதுல இருந்து எட்டுக் கேமரா. அது பதினஞ்சு நாள்ல தானா அழிஞ்சிரும். இந்த ஆபீசுக்குள்ள திருடன் பூட்ட ஒடைக்கறாப்புல பெருஞ்சத்தம் கேட்டா, அது மட்டும் அழியாது. நாந்தான் அப்பிடி வெக்கச் சொன்னேன். நம்ம மூளை எப்பிடி?"

"எடம் தெனமுமா கொறையுது?"

"அதையேங் கேக்கற! நான் பழனிக்கு நடந்து போன ஆறு நாளும் ஒரு பொட்டுக் கொறையல. வந்த அன்னிக்கே இருவது ஜிபி காணோம். என்ற கண்ணு முன்னாலயே திருடறான்னா எத்தன கொழுப்பு!" மணிமாறனின் பிடரியில் ஓங்கி ஓர் அறை விழுந்தது.

தீபிகா ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். மளமளவென்று கீழே இறங்கினாள். நடுவில் ஒரு வீடியோவைச் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தாள். எஸ்.ஐ. வரட்டும் என்று வாசலைப் பார்த்தாள்.

வெளியே ஜீப் நின்றது. எஸ்.ஐ. உள்ளே வந்தார்.

"யாருய்யா திருடன்?"

குழந்தைவேல் மணிமாறனைச் சட்டையோடு பிடித்து முன்னால் தள்ளினார். "இந்த நாயிதானுங்க. சொல்லு அம்மணி, சார்கிட்டச் சொல்லு!"

"திருட்டே இல்லீங்க சார்." தீபிகா திரையை எஸ்.ஐ. பக்கம் திருப்பினாள். "மூனு மாசத்துல நூத்திப் பன்னெண்டு தடவ இந்த ஆபீசுக்குள்ள பெருஞ்சத்தம் கேட்டிருக்குது. ஒன்னுகூட அழியல. எடம் அதுல நெறஞ்சதுதானுங்க."

"நூத்திப் பன்னெண்டா? என்னம்மா சத்தம்?"

"அம்மணி, அத மூடு!" குழந்தைவேல் பாய்ந்து வந்தார். எஸ்.ஐ. குறுக்கே கையை நீட்டினார்.

தீபிகா ஸ்பீக்கரைத் திருகிவிட்டு ஒரு வீடியோவைத் தட்டினாள். திரையில் பெல்ட் விழ, ஆபீஸ் அதிர ஒருவன் அலறினான். வெளியே வெல்டிங் மெஷினின் சத்தம் நின்றது.

வெல்டர் சின்னராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். திரையைப் பார்த்தான். பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்தான்.

"அது நானுங்க சார். மத்தவங்களையுங் கூப்புடட்டுங்களா?"