மூணு மா ஒரு ஏக்கர்

“எல்லாத்தையும் நானே போன்ல போட்டு முடிச்சுட்டேன் தம்பி. ஆப் இருக்கு, ஓசி. இன்னும் அனுப்பலை. சும்மா ஒரு பார்வை பார்த்துடுங்க” என்றார் பெரியவர்.

ராஜ்குமாருக்குச் சுருக்கென்றது. வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. குடவாசல் கடைத்தெருவில் மாடியில் ஒற்றை அறை, ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். ஆடி பிறந்தால் படிக்கட்டு வரைக்கும் ஆள் நிற்கும். இந்த ஆடிக்கு எதிர் நாற்காலி காலியாகக் கிடந்தது. வந்த ஒருத்தரும் ஓசி கேஸ்.

அன்று காலையில்தான் அம்மா அமிர்தம் வேறு ஒரு சேதி சொல்லியிருந்தாள். ஜாதகம் பொருந்திய இடத்தில் பொண்ணு வீட்டுக்காரர்கள் இழுக்கிறார்களாம்.

“வரிக் கணக்கெல்லாம் இப்ப போனே போட்டுடுதாமே, பையன் நாளைக்கு என்ன பண்ணுவான்னு கேக்கறாங்கடா.”

அவன் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான். பொண்ணு பேர் குந்தவை, அவனைப் போலவே பி.காம். மற்ற விவரமெல்லாம் ஜாதகத்தில் இருந்தது. ஜாதகத்தை அம்மா பார்த்தாள். அவன் போட்டோவை மட்டும்தான் பார்த்தான். பார்த்ததோடு சரி, மனசு அங்கேயே தங்கிவிட்டது.

பெருமூச்சை அடக்கிக்கொண்டு, பெரியவர் பிரிண்ட் எடுத்து வந்து நீட்டிய முதல் பக்கத்தை வாங்கினான். பேர் வைரக்கண்ணு. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு, பென்ஷன், கொஞ்சம் நிலம்.

“ஐயா, நிலம் நாற்பது ஏக்கரா?”

“நாப்பதுதான்.”

“நாப்பது ஏக்கரா, நாப்பது மாவா?”

“மாதான். நம்ம பக்கம் யாரு ஏக்கர்ல பேசறா?”

“மூணு மா ஒரு ஏக்கர் இல்லீங்களா? பதிமூணு ஏக்கர் சொச்சம் வரும். நீங்க இருபத்தேழு ஏக்கர் புதுசா வாங்கிட்டீங்க.”

பெரியவர் அசரவில்லை. “அது எவ்வளவுன்னு கேட்டுச்சு, நாப்பதுன்னேன். அதுக்குச் சந்தேகமே வரலையே.”

“அதுக்கு நம்ம ஊரு தெரியாதுங்களே” என்று திருத்திக் கொடுத்தான். எவ்வளவு என்று பெரியவர் கேட்டதற்கு, பார்த்ததற்கெல்லாம் காசு வாங்குவதில்லை என்றான். அவர் அதை ஒரு தடவைக்கு மேல் கேட்கவும் இல்லை.

மறுநாள் அடுத்த பக்கத்தோடு வந்து நின்றார். கீழே ஜெராக்ஸ் கடை ஷோபனாவுக்குப் பொறுக்கவில்லை. மாடிக்கே ஏறி வந்து சொன்னாள்:

“அண்ணே, நாப்பது மா வச்சிருக்கிற மனுஷன், ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல பிரிண்ட் எடுக்க மாட்டேங்கறாரு. எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளு. இவருக்குப் போய் ஓசியில உழைக்கிறீங்களே.”

ராஜ்குமாருக்கும் அதே நினைப்புதான். ஆனால் தாளில் கண் போய்விட்டது. சிங்கப்பூரில் இருக்கிற மகன் வீட்டுச் செலவுக்கு அனுப்பிய பணத்தைத் தன் வருமானமாகக் காட்டியிருந்தார் மனுஷன். பெற்ற பிள்ளை கொடுக்கிற பணத்துக்கு வரி கிடையாது என்று சொல்லி அதையும் எடுத்துவிட்டான். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, மேஜையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் கடைசிப் பக்கம்.

“ஐயா, பேங்க்ல டெபாசிட் இருக்குங்களா? வட்டி எதுவும் காணோமே.”

“அது ஆப்ல தானா வந்து நின்னுச்சு தம்பி. நான்தான் அழிச்சேன். பொண்ணு கல்யாணத்துக்குன்னு போட்டு வச்ச பணம். அதைப் போய் எதுக்குச் சொல்லிக்கிட்டு?”

“சொல்லித்தாங்க ஆகணும்.”

“உங்க கண்ணுல படலைன்னு வச்சுக்குங்க. முழு ஃபீஸும் கொடுத்துடறேன். அடுத்த வருஷத்துலேர்ந்து உங்ககிட்டயே வர்றேன். எங்க தெருவுல இன்னும் பத்து பேர் இருக்காங்க, அவங்களையும் கூட்டிக்கிட்டு வர்றேன்.”

ராஜ்குமார் காலி நாற்காலியைப் பார்த்தான். பதினோரு பேர். பொண்ணு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

“கண்ணுல பட்டுடுச்சேங்க” என்றான். “மறைச்சா நோட்டீஸ் வரும். கல்யாண வீட்டுக்கு மொய் வரலாம், நோட்டீஸ் வரலாமா?”

வட்டியைச் சேர்த்தான். வரி கொஞ்சம் கூடியது. பெரியவர் முகம் கடுகடுவென்று ஆனது.

“இவ்வளவு சொல்றீங்களே, நீங்களே சொல்லுங்க. அடுத்த வருஷம் ஆப்ல போடவா, உங்ககிட்ட வரவா?”

ஒரு பொய் சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“உங்க கணக்குக்கு ஆப்பே போதுங்க. இந்த மூணு இடத்துல மட்டும் பார்த்துப் போடுங்க” என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். முதல் வரி: மூணு மா ஒரு ஏக்கர்.

பெரியவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு நன்றி கூடச் சொல்லாமல் படி இறங்கிப் போனார். ‘நல்லா வந்து வாய்ச்சார்யா’ என்று நினைத்துக்கொண்டு ராஜ்குமார் கம்ப்யூட்டரை அணைத்தான்.

சாயங்காலம் அம்மா போனில் கூப்பிட்டாள். குரலே குதித்தது.

“டேய், பொண்ணு வீட்டுல சரின்னுட்டாங்க. ஆவணியிலயே வச்சுக்கலாமாம்.”

“என்னம்மா திடீர்னு? என் வேலை நிக்காதுன்னாங்களே.”

“வேலை நிக்குதோ இல்லையோ, பையன் நிக்கிறான்னு அவங்கப்பா சொல்லிட்டாராம். மூணு நாளா உன் ஆபீஸ்லதான் வந்து உக்காந்திருந்தாராமே, உனக்குத் தெரியாதா?”

ராஜ்குமார் எதிர் நாற்காலியைப் பார்த்தபடி எழுந்தே நின்றுவிட்டான்.

“இன்னொண்ணுடா” என்று அம்மா சிரித்தாள். “அந்த மூணு தப்பையும் பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்தனுப்பினது குந்தவைதானாம்.”