நாற்பத்தொரு நாளும் ஐம்பது நிமிஷமும்

"ரெண்டு ஊருக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கும், தம்பி?"

நடு இருக்கை அம்மாள் கேட்டபோது, ஜன்னலோரத்து மருந்து விற்பனையாளன் தூங்கத் தயாராகியிருந்தான். மாதம் நாலு தடவை இதே விமானம். அவனுக்கு இது டவுன் பஸ் மாதிரி.

"நானூத்திப் பத்து கிலோமீட்டர்மா. அம்பது நிமிஷம். கண்ணை மூடித் திறந்தா இறங்கிடலாம்."

"அம்பது நிமிஷமா!" அம்மாள் மூக்கின்மேல் விரலை வைத்தாள். "எங்களுக்கு நாப்பத்தொரு நாள் ஆச்சே."

"எதுல வந்தீங்க?"

"கால்லதான். சண்டை மூண்டு ஊரே எரிஞ்சப்போ, கட்டின துணியோட கிளம்பினோம். இன்னைக்குத்தான் திரும்பிப் போறோம்."

அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. அவளுக்கு அந்தப் பக்கம், கதவு அகலத்துக்கு ஒருவர், நரைத்த மீசையோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் போலிருக்கிறது. கண்ணைத் திறந்தால் விமானம் விழுந்துவிடும் என்பதுபோல இறுக மூடியிருந்தார்.

விற்பனையாளன் எழுந்து ஜன்னலோரத்தை அம்மாளுக்குக் கொடுத்தான்.

கீழே ஆறு ஒன்று மூன்றாகப் பிரிந்து மின்னியது.

"ஐயோ, இந்த ஆறு! இது முப்பத்திரெண்டாம் நாள். தண்ணி வடியட்டும்னு மூணு நாள் கரையிலேயே கிடந்தோம்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஆறு இறக்கைக்குப் பின்னால் போய்விட்டது.

"நாள் கணக்கு எப்படிம்மா ஞாபகம் இருக்கு?"

"விடிஞ்சா கயித்துல ஒரு முடிச்சுப் போடுவேன். அதோ, ரெட்டைக் கொம்பு மலை! இருபதாம் நாள். சுத்தி வர ஆறு நாள். செருப்பு அங்கதான் அறுந்துது."

ஒரு வாய் காபி குடிக்கும் நேரத்தில் மலை கடந்தது. பிறகு காடு. பதினொன்றாம் நாள், எட்டாம் நாள், ஐந்தாம் நாள்... விமானம் அவள் நடந்த நாட்களைப் பாய்போலச் சுருட்டிக்கொண்டே போனது. அவன் ஜன்னல் பக்கம் எட்டிக் குனிந்தான். இதற்கு மேலேதானே இத்தனை வருஷம் குறட்டை விட்டுக்கொண்டு பறந்திருக்கிறான்!

விமானம் தாழ்ந்தது. புதிதாய் முளைத்த கூரைகள் தெரிந்தன.

"முதல் நாள்" என்றாள் அம்மாள். முகத்தை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

சக்கரம் தரையைத் தொட்டதும்தான் மீசைக்காரர் கண்ணைத் திறந்தார். விற்பனையாளன் அவர் கைகளைப் பற்றிக்கொண்டான்.

"ஐயா, உங்களைக் கும்பிடணும். அவ்வளவு காடு, மலை தாண்டி இவங்களைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களே!"

அவர் திகைத்தார். "நானா? நான் ஒரு அடிகூட நடக்கலையே தம்பி. எனக்கு அப்போ எட்டு மாசம். முதுகுல துணியால கட்டித் தூக்கிட்டுப் போனாங்க."

"யாரு, அப்பாவா?"

"அப்பா, அம்மா ரெண்டு பேரும் முதல் நாளே போயிட்டாங்க." ஜன்னலிலிருந்து இன்னும் முகத்தைத் திருப்பாத அம்மாளைப் பார்த்தார் அவர். "அக்காதான் தூக்கிட்டு நடந்தாங்க. அப்போ அவங்களுக்கு ஒன்பது வயசு."