பன்னிரண்டு பேர், பதினான்கு நாள்

“பன்னெண்டு பேர் வேணும்மா. பதினாலு நாளைக்கு.”

“பன்னெண்டு பேரா? நம்ம ஜெபக் கூட்டத்துக்கே ஒம்பது பேருதான் வர்றாங்க. எதுக்கு லா?” மீன் கழுவிக்கொண்டே கேட்டாள் மரியகொரெட்டி.

மகள் பமீலா விளக்கினாள். அவள் ஒரு செயலி செய்திருந்தாள். அதை எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி செயலிகளுக்கான ஸ்டோரில் வெளியிட வேண்டுமானால், முதலில் பன்னிரண்டு பேர் தங்கள் போனில் ஏற்றி, பதினான்கு நாள் விடாமல் திறந்து சோதித்துப் பார்க்க வேண்டும். புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்களுக்கு அப்படி ஒரு விதி.

கணக்குத் தொடங்கவே மூன்று வாரம் ஆகியிருந்தது. அவளுடைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில், ‘எட்வர்டின் மகள் பமீலா’ என்ற பொருளில் ‘பமீலா ஏ/பி எட்வர்ட்’ என்று இருந்தது. நடுவில் இருந்த சாய்ந்த கோட்டைப் படிவம் ஏற்கவில்லை. கோட்டை எடுத்துவிட்டால், ஐசியோடு பெயர் பொருந்தவில்லை என்றது. கட்டணம் மூன்றாவது கார்டில்தான் போனது.

லோபாக் பகுதியில் ஒரு சின்ன கம்பெனியில் அவள் வேலை கேட்டிருந்தாள். “ஸ்டோர்ல வெளியான ஆப் ஒண்ணு காட்டுங்க, வேலை உங்களுக்குத்தான்” என்று மேலாளர் புனிதன் சொல்லியிருந்தார். மாதக் கடைசி வரைதான் காத்திருப்பார்.

“சரி, அந்த ஆப் என்னா செய்யும்?”

“போன் நெறைஞ்சு போகாம பாத்துக்கும்மா.” பமீலா தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“நல்ல காரியந்தான். இந்தத் தோட்டத்துல எல்லார் போனும் நெறைஞ்சுதான் கெடக்கு. ஆள் புடிக்கிறது என் வேலை. தெனமும் தெறக்க வைக்கிறதும் என் வேலை. நீ கூச்சப்பட்டுக்கிட்டு நிக்காம கூட வா.”

அன்று மாலையே மரியகொரெட்டி வீடு வீடாக ஏறி இறங்கினாள். ‘பமீலா ஆப்புக்கு டெஸ்டு’ என்று அவள் பேசினாள், பமீலா பின்னால் நின்று ஒவ்வொரு போனாக வாங்கி ஏற்றினாள்.

“டெஸ்டுன்னா காலையில வெறும் வயித்துல இருக்கணுமா?” என்று கேட்டார் தோட்டத்தில் முன்பு மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்த இராஜமாணிக்கம்.

“ரத்தமெல்லாம் எடுக்க மாட்டாங்கண்ணே. போனை மட்டும் குடுங்க.”

“அப்ப சரி. நான் சாப்டுறேன்.”

மளிகைக் கடை லோகேஸ்வரி, “காசு ஏதும் கட்டணுமா அக்கா?” என்றாள்.

“ஒரு காசும் வேணாம். ஆனா ஒரு நாள் தெறக்காம விட்டே, பாத்துக்க.”

பன்னிரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள். மரியகொரெட்டியின் போன் மட்டும் மிகவும் பழையது. செயலி அதில் ஏறவில்லை.

“ஏசுவுக்கும் பன்னெண்டு பேருதான்” என்றாள் திருப்தியாக. “அதுலயும் ஒருத்தன் கவுத்துட்டான். நான் அப்படி விட மாட்டேன்.”

மறுநாளிலிருந்து, பமீலா எழுவதற்கு முன்பே, மரியகொரெட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். வெறும் எழுத்தாக அனுப்பினால் யாரும் மதிக்க மாட்டார்கள். அதனால் பனித்துளி விழுந்த ரோஜாப் படத்தின் மேல், ‘காலை வணக்கம். ஆண்டவர் காப்பார். பமீலா ஆப்பைத் திறக்கவும்’ என்று எழுதி, பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாக அனுப்பினாள்.

“எல்லாருக்கும் சொல்லியாச்சு” என்பாள் பமீலா எழுந்து வந்ததும்.

பமீலா கணினியைப் பார்ப்பாள். பன்னிரண்டு பேர். யாரும் விலகவில்லை. நிம்மதியாக இருக்கும்.

பதினைந்தாம் நாள் பதில் வந்தது. ‘விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. உங்கள் சோதனையாளர்கள் செயலியைத் திறக்கவே இல்லை. மேலும் பதினான்கு நாள் சோதிக்கவும்.’

மாதம் முடிய நான்கு நாள்தான் இருந்தது.

மரியகொரெட்டி குடையை எடுத்துக்கொண்டு நேராக இராஜமாணிக்கம் வீட்டுக்குப் போனாள். பமீலாவும் பின்னால் ஓடினாள்.

“ஏண்ணே, தெனமும் அனுப்புனேன்ல? ஒரு நாளாவது தெறந்தீங்களா?”

“என்னாத்த அனுப்புன? ரெண்டு வாரமா உங்கிட்டேருந்து ஒண்ணும் வரல லா, தங்கச்சி. கோவமோன்னு நெனச்சு நான் உன் வீட்டுப் பக்கமே வரல.”

லோகேஸ்வரியும் அதையேதான் சொன்னாள். “எனக்கும் ஒண்ணும் வரல அக்கா. நான் என்ன தப்பு பண்ணுனேன்னு யோசிச்சு யோசிச்சு பாத்தேன். ஆனா ஒண்ணு, போன் மட்டும் இப்ப காத்து மாதிரி ஓடுது.”

மீதிப் பத்து பேரிடமும் அதே பதில்.

“பன்னெண்டு பேரும் கூடிப் பேசிக்கிட்டு பொய் சொல்றாங்க.” மரியகொரெட்டி வீட்டு வாசலில் நின்று தன் போனை மகளிடம் நீட்டினாள். “நீயே பாரு. அனுப்புனேனா இல்லயா?”

பமீலா பார்த்தாள். ஒவ்வொரு பெயரின் கீழும் வரிசையாக ரோஜாக்கள். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, எல்லாத்தையும் படமாவா அனுப்புனீங்க?”

“பின்ன? ஒரு மரியாதை வேணாமா? விடு, இன்னும் பதினாலு நாள்தானே. நாளையிலேருந்து ஆளுக்கு ரெண்டு ரோஜா.”

பமீலா உள்ளே போய்ப் புனிதனுக்கு எழுதத் தொடங்கினாள். மூன்று முறை அழித்தாள். நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

‘சார், என் ஆப் வெளியாகவில்லை. சோதனையாளர்களுக்கு அம்மா தினமும் ரோஜாப் படத்தில் எழுதி நினைவூட்டல்கள் அனுப்பினார். அவை யார் கண்ணிலும் படவில்லை. காலை வணக்கப் படங்கள் போனுக்கு வந்த நொடியே அவற்றை அழிப்பதுதான் என் ஆப். பன்னிரண்டு போன், பதினான்கு நாள், நூற்று அறுபத்தெட்டு ரோஜா. ஒன்றுகூடத் தப்பவில்லை.’

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: ‘திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க. முதல்ல என் போன்ல ஏத்துங்க, எனக்கும் அம்மா இருக்காங்க.’