அரைக் குவளை

"திருட்டுத் தண்ணியில கழுவினா மூஞ்சி பளபளன்னு ஆயிடுமா, ரத்மி? இது தையல் கம்பெனியா, அழகு நிலையமா?"

எல்லாரும் 'இபு', அதாவது அம்மா, என்று அழைக்கும் மேலாளர் ஹெர்லினா கேட்டதும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. நடுவில் ரத்மி தலைகுனிந்து நின்றாள்.

செமாராங் நகரைச் சுற்றியுள்ள கிணறுகள் வற்றியதிலிருந்து தொழிற்சாலைக்கு லாரித் தண்ணீர்தான். குழாய்களைப் பூட்டிவிட்டு, தொழுகை அறை வாசலில் ஒரு டிரம் வைத்திருந்தார்கள். தொழுவதற்கு முன் கை, கால், முகம் கழுவ ஆளுக்கு ஒரு குவளை. அளந்து ஊற்றும் பொறுப்பு யாயுக்குடையது.

காலை நேரத்தில் யாரோ டிரம்மைத் திறக்கிறார்கள் என்று ஆபீஸில் போய்ச் சொன்னவளும் யாயுக்தான். அது பக்கத்து மெஷின் ரத்மியாக இருக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ரத்மியின் புருஷனுக்கு வேலை போய்விட்டது. அவளுடைய ஒப்பந்தமும் இன்றோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் தாள் இபு ஹெர்லினாவின் கையில் இருந்தது.

"வாட்ச்மேன் பார்த்திருக்கார். தினம் காலையில குவளையோட கழிப்பறைக்கு ஓடறியாமே, எதுக்கு?"

"மூஞ்சி கழுவத்தான், இபு," என்றாள் ரத்மி.

"மத்தவங்க தொழறதுக்கு வச்ச தண்ணிடி அது. வெட்கமா இல்ல? இந்தத் தாளைக் கிழிச்சிடட்டுமா?"

ரத்மி நிமிர்ந்து யாயுக்கைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பேசாமல் இரு என்பது போல் லேசாகத் தலையை மட்டும் அசைத்தாள். யாயுக்குக்குக் காது மடல் சுட்டது. காட்டிக்கொடுத்த வாய்தானே, இப்போதாவது உருப்படியாகப் பேசட்டும் என்று எழுந்துவிட்டாள்.

"இபு, அவ அப்படிப்பட்டவ இல்ல."

"நீதானேம்மா வந்து புகார் சொன்னே?"

"தப்பு என்னோடதுதான், இபு. ஆனா அளந்து ஊத்தறவ நான், எனக்குத் தெரியாதா? எல்லாரும் இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு சண்டை போடுவாங்க. இவ மட்டும் அரைக் குவளை போதும்கா, மிச்சத்தை டிரம்லயே விட்டுடும்பா. அவ மிச்சம் பிடிச்ச தண்ணிக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு கணக்கா?"

இபு ஹெர்லினாவின் முகம் இளகியது. மேசையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். யாயுக்குக்குத் தெம்பு வந்துவிட்டது.

"தொழுகைன்னா அவளுக்கு உயிர், இபு! எங்களுக்காவது மாசத்துல ஆறேழு நாள் தொழுகைக்கு லீவு. பெருநாள் முடிஞ்சு வந்ததுலேர்ந்து இவ அந்த லீவுகூட எடுக்கல. ஒரு நாள் விடாம வரிசையில வந்து நிக்கறா!"

யாரும் சிரிக்கவில்லை. ரத்மியின் கை தானாகப் போய் அடிவயிற்றை மறைத்தது.

இபு ஹெர்லினா பேனாவை மூடினாள்.

"எத்தனை மாசம், ரத்மி? பிள்ளைத்தாச்சிக்கு இங்க ஒப்பந்தம் நீட்டறதில்லைன்னு தெரிஞ்சுதானே இத்தனை நாள் மறைச்சே?"