பன்னிரண்டு ‘இல்ல’

“கண்ண மூடிக்கோங்க. நான் தொட்டா ‘ஆமா’ன்னு சொல்லுங்க. தொடலன்னா ‘இல்ல’ன்னு சொல்லுங்க.”

அவன் கண்ணை மூடினான். வலது கையை, யாரோ கொடுத்துவிட்ட சாமானைப் போல, டாக்டரம்மாவின் மேசைமேல் கிடத்தினான்.

மூன்று மாதத்துக்கு முன் கம்பெனியில் இரண்டு இரும்பு உருளைக்கு நடுவே போய் வந்த கை. பிடிக்கும், தூக்கும், விரல் மடங்கும். மணிக்கட்டுக்குக் கீழே நெருப்பை வைத்தாலும் தெரியாது.

அந்தக் கையோடு தகடு வெட்டும் பிரஸ் முன்னால் நின்றால், பிளேடு இறங்கும்போது விரல் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று அவனுக்கே தெரியாது. டாக்டரம்மா ‘வேலைக்குத் தகுதி’ என்று எழுதினால் நாளைக் காலையில் நின்றுதான் ஆகவேண்டும்.

அப்படி எழுத வைக்கத்தான் கம்பெனி சூப்பர்வைசரை அனுப்பியிருந்தது. ஆட்கள் அந்த சூப்பர்வைசருக்கு வைத்த பெயர் விசில். சுவரோரம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஊசி தொட்டது. டாக்டரம்மாவின் வளையல் மேசையில் லேசாக இடித்தது.

“இல்ல.”

மறுபடி ஊசி. மறுபடி வளையல்.

“இல்ல.”

பிரஸ்ஸில் ஒவ்வொரு சத்தத்துக்கும் பதில் குரல் கொடுக்கவேண்டும். குரல் வராவிட்டால் எதிரே நிற்பவன் பிளேடை இறக்கும் பெடலை மிதிக்கமாட்டான். பதினாறு வருடத்தில் அவன் வாய் காதுக்கு அடிமையாகிப் போயிருந்தது.

பன்னிரண்டு தடவை தொட்டார். பன்னிரண்டு ‘இல்ல.’

டாக்டரம்மா ஊசியை வைத்துவிட்டுக் கேட்டார். “தொடறதே தெரியலன்னா, தொடற நேரம் பாத்து மட்டும் எப்படிங்க ‘இல்ல’ங்கறீங்க?”

வளையல் சத்தத்துக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அவனுக்கே தெரியாது.

விசில் தொடையைத் தட்டிச் சிரித்தான். “நடிக்க வர்றவன் ஒத்திகை பாத்துட்டு வரணும்டா. பொண்டாட்டி தொட்டா மட்டும் அந்தக் கைக்குத் தெரியுமோ?”

டாக்டரம்மா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் கவிழ்ந்தது.

முதல் குத்தில் விசிலின் மண்டை சுவரில் மோதியது. இரண்டாவதில் மூக்கு நொறுங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மூன்றாவது வாயில் இறங்கியது. வெளியிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து அவனை இழுத்துப் பிடிப்பதற்குள் விசிலின் வெள்ளைச் சட்டை நெஞ்சுவரை சிவந்திருந்தது.

“பாத்தீங்கல்ல மேடம்!” விசில் ரத்தத்தைக் கொப்பளித்துக்கொண்டு கத்தினான். “கைக்கு என்ன கேடு? எழுதுங்க!”

எழுதத்தான் போகிறார். பொறுத்திருக்கலாம். தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டாயிற்று.

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு அருகே வந்தார்.

“வலிக்குதா?”

அவன் எரிச்சலோடு விசிலை மோவாயால் காட்டினான். “அவன்கிட்ட கேளுங்க.”

டாக்டரம்மா விசில் பக்கம் திரும்பவில்லை. அவனுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவிரல் முட்டியில், பாதிக்கு மேல் சதைக்குள் இறங்கி நின்றது விசிலின் முன்பல்.